ரிகர்சல் இல்லாத மத்தியானம்

மஞ்சு,

காலை டிபனைப் பாதியில் வைத்துவிட்டு நீ படியிறங்கிப் போனதிலிருந்து நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. லால்பாக்கில் குமரனைப் பார்த்துப் பேசப் போவதாகவும், பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் தனியாக நடந்துவிட்டு வருவதாகவும், அதுவரை செல்லை அணைத்து வைப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாய். சொன்னபடியே அணைத்து வைத்திருக்கிறாய். நான் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பதிவு செய்த குரல் அம்மாள் கன்னடத்தில் ஒரு தரம், இங்கிலீஷில் ஒரு தரம் சொல்லிச் சொல்லி அவளே அலுத்துப்போயிருப்பாள். உன் அம்மா நடு அறையில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் பிதுக்கிக்கொண்டிருக்கிறாள். இந்த வேலைக்கு உட்கார்ந்தால் சீரியல் ஓட வேண்டும் அவளுக்கு. இன்று டி.வி.யைப் போடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டெலிபோன் இருக்கிறது. கையைச் சும்மா வைத்திருந்தால் நகத்தைக் கடித்துத் துப்புவேன் என்பதால் எழுத உட்கார்ந்தேன்.

உனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன், ஆனாலும் முழுசாக எழுதுகிறேன். நீ சரி என்று சொன்னால், நம் ஏரியாத் தமிழ் மன்றத்து ஆண்டு மலரில் இதைப் போடக் கொடுக்கலாம் என்று ஓர் எண்ணம். பெண் பிள்ளை வைத்திருக்கிற இன்னும் நாலு பேர் படிக்கட்டும். வேண்டாம் என்றால் பீரோவில் கிடக்கட்டும். உனக்கு இருப்பது ஆட்டிசம். இருபத்தேழு வயதில்தான் ஒரு டாக்டர் அதற்குப் பேர் சொன்னார். அதுவரை நாங்கள் வைத்திருந்த பேர்கள் கூச்சம், பிடிவாதம், திருஷ்டி, சூடு, அப்பா செல்லம். வருகிற தை மாதம் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குமரன் பொம்மசந்திராவில் இன்ஜினியர், அவர் அப்பா அம்மா இருப்பது கிருஷ்ணகிரியில். அவர்கள் யாருக்கும் இது தெரியாது. தெரியாமலே பெண் பார்த்து, பிடித்துப்போய், தட்டு மாற்றி, மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது. பத்திரிகையின் புரூஃப் டெலிபோன் பக்கத்திலேயே கிடக்கிறது. அது அச்சாகுமா, குப்பைக் கூடைக்குப் போகுமா என்பது நீ இப்போது பேசுகிற பேச்சில் இருக்கிறது.

காலையில் நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "பத்திரிகை அடிக்கிற நேரத்துல போய் சொன்னா என்ன ஆவும்னு தெரியுமா உனக்கு?" என்றேன். "தெரியும்பா. வேணாம்னு சொல்லலாம்" என்றாய், ஏதோ பஸ் வராமல் போகலாம் என்கிற மாதிரி. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாம பொய்கூடச் சொல்லல. ஒண்ணைச் சொல்லாம விட்டோம், அவ்ளோதான்" என்றேன். பழமொழியைக்கூட நீ கணக்குப் போட்டுப் பார்ப்பாய். "அந்த ஆயிரத்தையும் கல்யாணத்துக்கு அப்புறம் தினம் நான்தானேப்பா சொல்லணும்?" என்றாய். பிறகு, "அன்னிக்கு அவங்க பார்த்துட்டுப் போனது என்னை இல்லப்பா. அவங்களுக்குப் பிடிச்சது சவிதாவை" என்றாய். தோசைக்கல்லின் முன்னால் நின்ற உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். "போ, உன் இஷ்டம்" என்றேன். அப்பன் அப்படிச் சொன்னால் அது அனுமதி இல்லை என்று ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீ மட்டும், "தேங்க்ஸ்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாய்.

சவிதா யார் என்று உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்டின் டவுனில் நம் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கன்னடக் குடும்பத்துப் பெண், உன்னைவிட ஒரு வயசு மூத்தவள். துறுதுறுவென்று இருப்பாள். பின்னலை முன்னால் இழுத்து விரலில் சுற்றிக்கொண்டே பேசுவாள், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். நீ அவளோடு விளையாடி நான் பார்த்ததில்லை. அவள் விளையாடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாய். பிறகு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, பின்னலை விரலில் சுற்றித் தலையைச் சாய்ப்பாய். "பாரு, எம்பொண்ணு எப்படி நடிக்குது" என்று நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. "விளையாடுற மாதிரி தெரியலீங்க. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்குது" என்றாள். அவள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், இதெல்லாம் அவளுக்கு என்ன தெரியும் என்று நான் விட்டுவிட்டேன்.

உனக்கு ஐந்து வயது இருக்கும்போது வந்த டியூப் லைட் தகராறும் ஞாபகம் இருக்கிறது. நம் வீடு சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. நடு அறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்கு வேண்டும். நீ அந்த அறைக்கு வந்தாலே காதைப் பொத்திக்கொண்டு, "டியூப் லைட் கத்துதுப்பா" என்பாய். நானோ அரசாங்க ஃபேக்டரியில் எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர். என் வீட்டு டியூப் லைட்டைக் குற்றம் சொன்னால் விடுவேனா? ஸ்டார்ட்டரை மாற்றினேன். "இப்ப?" "கத்துது." சோக்கை மாற்றினேன், மீட்டர் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. "இப்ப?" "கத்துதுப்பா." மூன்றாம் தடவை நான் போட்ட சத்தத்தில் நீ கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "இல்லப்பா, கத்தல" என்றாய். ரிப்பேர் முடிந்தது என்று ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைத்தேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வெளியாட்கள் முன்னால் உன்னை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு தனி. உள்ளதை உள்ளபடி சொல்லும் வியாதி உனக்கு. என் மேலதிகாரி ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து உன் கன்னத்தைக் கிள்ளினார். "அங்கிள், உங்க சென்ட் வாசனையில எனக்கு வாந்தி வருது" என்று சொல்லி, சொன்னபடியே எடுத்தும் வைத்தாய். எனக்கு அந்த வருஷம் வர வேண்டிய பிரமோஷன் வராமல் போனதற்கு அதுதான் காரணம் என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வேலையில் நான் சரியில்லை என்று நம்புவதைவிட அது சுலபமாக இருந்தது.

அப்புறம் தொண்ணூற்றொன்றாம் வருஷம் வந்தது. காவிரித் தண்ணீர் விஷயமாக ஊரில் கலவரம். தமிழ்க்காரர் வீடு, தமிழ்க்காரர் கடை என்று தேடி அடித்த நாட்கள். அதே நாட்களில் நம் வாசலில் தன் கையால் ரங்கோலி போட்டு, கதவுக்குக் கன்னடக் கொடியும் கட்டிவிட்டு, கேட்டவர்களிடம் "நம்மவரே" என்று சொல்லி நம்மைக் காப்பாற்றியது சவிதாவின் அம்மா. அதையும் எழுதாவிட்டால் என் பேனாவுக்குப் பாவம். நீ அப்போது ஸ்ரீராமபுரத்தில் பெரியம்மா வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தாய். ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியபோது ஆட்டோ பிடித்து உன்னைக் கூட்டிவரப் போனேன். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் என்ன செய்வது? எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, அதில் பயமில்லை. பயமெல்லாம் உன்னை நினைத்துத்தான். கேட்டால் "தமிழ்" என்று உண்மையைச் சொல்லிவிடுவாயே! பெரியம்மா வீட்டு வாசலிலேயே உன்னை நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். "நாம கன்னடக்காரங்க இல்லையேப்பா, ஏன் அப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாய். "டிராமான்னு வெச்சுக்கோ. நீ மஞ்சு இல்ல, சவிதா. சவிதா எப்படிப் பேசுவா? அப்படியே பேசு" என்றேன்.

நிறுத்தத்தான் செய்தார்கள். ஒரு சர்க்கிள் பக்கம் ஏழெட்டுப் பையன்கள், கையில் கட்டை. ஒருவன் தலையை உள்ளே நீட்டி, "எல்லிந்த பர்தா இதீரா? மனேலி ஏன் மாத்தாடோது, தமிளா?" என்று, எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் பேசுவது தமிழா என்று கேட்டான். என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டான். பெரியவன் பொய் சொல்வான், பிள்ளை சொல்லாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நீ பின்னலை முன்னால் இழுத்து விரலில் சுற்றினாய். தலையைச் சாய்த்தாய். "நாவு கன்னடதோரே அண்ணா. ஸ்கூலு ரஜா, தொட்டம்மன மனேகே ஹோகித்வி" என்று, நாங்கள் கன்னடக்காரர்கள்தான், பள்ளிக்கூடம் லீவு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தோம் என்று, சவிதாவின் குரலில், சவிதாவின் சிரிப்போடு சொன்னாய். அவன் சிரித்துவிட்டான். "ஹோகு புட்டி" என்று, போ பாப்பா என்று, ஆட்டோவைத் தட்டி அனுப்பினான். உயிர் பிழைத்து வீடு வந்தோம்.

இந்தக் கதையை நான் எத்தனை கல்யாணப் பந்தியில் சொல்லியிருப்பேன்! பன்னிரண்டு வயசுப் பெண் தன் அப்பாவைக் காப்பாற்றிய கதை. கேட்டவர்கள் எல்லாம் உச்சுக் கொட்டினார்கள். கதையின் மிச்சத்தை மட்டும் சொன்னதில்லை. வீட்டுக்குள் வந்ததும் நீ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாய். பல நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்துத் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதி ஊதவைத்துத் தாயத்துக் கட்டினோம். கயிறு உறுத்துகிறது என்று அதையும் பிய்த்துப் போட்டாய். நீ பேச ஆரம்பித்ததும் நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான்: சொல்லிக்கொடுத்தால் என் பெண்ணால் எதையும் செய்ய முடியும்.

அதிலிருந்து நம் வீட்டில் ரிகர்சல் பிறந்தது. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட விழா, எதற்குப் போனாலும் முதல் நாள் சாயங்காலம் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அத்தையாக மாறுவேன். "என்னம்மா, எந்த கிளாஸ் படிக்கிற? ஏன் இளைச்சுட்ட?" நீ எதிரே நின்று பதில் சொல்வாய். கண்ணைப் பார், இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் சிரி, பதிலுக்கு "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேள். தப்பினால் மறுபடியும். நீ நன்றாகத்தான் செய்தாய், என்னைவிட நன்றாக. "பொண்ணுன்னா மஞ்சு மாதிரி இருக்கணும்" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது என் காலர் தானாகத் தூக்கிக்கொண்டது. உன் அம்மா மட்டும் ஒருநாள், "விசேஷத்துக்குப் போய்ட்டு வந்தா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே அழுவுது. பாத்ரூம்ல லைட்டைப் போடாம உக்காந்திருக்குது. அதுக்கும் ரிகர்சல் குடுக்கிறதுதானே?" என்று கேட்டாள். பெண் பிள்ளைகள் என்றால் கொஞ்சம் அழத்தான் செய்யும் என்றேன். நீ பையனாகப் பிறந்து, பள்ளிக்கூடத்தில் மேஜையைத் தள்ளி ரகளை பண்ணியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன். அடக்கமாக அழுத பெண்ணை யார் டாக்டரிடம் காட்டுகிறார்கள்?

இங்கே எழுத்தை நிறுத்த வேண்டியிருந்தது, டெலிபோன் அடித்தது. உன் அம்மா கையில் இருந்த கொட்டையைக் கீழே போட்டுவிட்டாள். எடுத்தால், கேஸ் ஏஜென்சிக்காரன். சிலிண்டர் திங்கட்கிழமை வருமாம். அவன்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

படித்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்கும் போனாய். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. உன்னைவிட்டால் அதற்கு ஆள் ஏது? வேலை உன்னை ஒன்றும் செய்யவில்லை. வேலையைச் சுற்றி இருந்ததுதான் தின்றது. கம்பெனி கேபில் பாட்டு, தடுப்புச் சுவர் இல்லாத ஹாலில் நூறு பேர் பேச்சு, டீம் லஞ்ச், பிறந்தநாள் கேக், இத்தனைக்கும் நடுவே எட்டு மணி நேரம் சவிதாவாக இருப்பது. ஒருநாள் கேப் டிரைவர் போன் செய்தார், "சார், மேடம் சில்க் போர்டு ஜங்ஷன்ல கதவைத் திறந்து இறங்கிட்டாங்க, கூப்பிட்டா திரும்பல" என்று. நான் போய்ச் சேர்ந்தபோது ஃபிளை ஓவர் தூணுக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கைக்கெட்டும் தூரத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "என்னால இனிமே யார் மாதிரியும் இருக்க முடியாதுப்பா" என்றாய். நான் உன் கையைப் பிடித்தேன். பிடிக்காதே என்று உதறினாய். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதல் டாக்டரிடம் உன்னைக் கூட்டிப்போனேன் இல்லையா, ஆட்டோவில் போகும்போதே உனக்கு ரிகர்சல் கொடுத்தேன். "டாக்டர் கேட்டா நல்லபடியா பதில் சொல்லு. கண்ணைப் பாரு. சிரிச்ச முகமா இரு." வயிற்றுவலி என்று டாக்டரிடம் போகிறவன் வலிக்காத மாதிரி நடித்துக் காட்டுவானா? நான் உன்னை நடிக்க வைத்தேன். டாக்டர் உன்னோடு கால் மணி நேரம் பேசினார். "கண்ணைப் பார்த்துப் பேசறா, ஜோக்குக்குச் சிரிக்கறா, நல்ல வேலையில இருக்கா. ஒரு பிரச்சினையும் இல்ல சார், கல்யாணம் பண்ணி வைங்க, சரியாப் போயிடும்" என்றார். எனக்கு ஏக சந்தோஷம். வரன் பார்க்க ஜாதகத்தை வெளியே எடுத்ததே அன்றைக்குத்தான்.

இரண்டாவது டாக்டரிடம் நீயாகத்தான் போனாய். நான் கூட வர வேண்டாம் என்றாய். பல தடவை போய் வந்த பிறகு அந்த அம்மாள் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். உன் சின்ன வயசைப் பற்றி உன் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். கடைசியில், "மத்தவங்க முன்னாடி எப்படி இருக்கணும்னு இவங்களுக்கு இவ்வளவு அழகா ட்ரெயின் பண்ணது யாரு?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான் டாக்டர்" என்றேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகுதான் பொறுமையாக விளக்கினார். இது பைத்தியமும் இல்லை, யாரும் செய்த குற்றமும் இல்லை, பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்திருக்கிறது, சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் இவர்களுக்கு நம்மைவிடப் பலமாக உறைக்கும் என்றார். பெண் குழந்தைகளில் பலர் மற்றவர்களைப் பார்த்துக் காப்பியடித்து மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள், வாத்தியாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் தெரியும் என்றார். "மறைக்கிறதுக்கே அவங்க சக்தி பூரா செலவாகுது. இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். சில்க் போர்டுத் தூண் என் கண் முன்னால் வந்து நின்றது.

இவ்வளவு தெரிந்த பிறகும், கிருஷ்ணகிரியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் முதல் நாள் சாயங்காலம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவாக மாறி, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன். நீ எதிரே வந்து நின்றாய். மறுநாள் பின்னலைச் சுற்றினாய், தலையைச் சாய்த்தாய், காபி கொடுத்தாய். "பொண்ணு என்னா கலகலன்னு பேசுது!" என்று அந்த அம்மாள் பூரித்துப்போனார். குமரன் மட்டும் உன் காபித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் கை நடுங்கியது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. ஏன் செய்தேன் என்று கேட்டால், உனக்கு இருபத்தெட்டு வயது, எனக்குப் பிறகு உனக்கு யார் என்ற பயம்தான். பயந்தவன் கண்ணுக்கு எந்தக் கயிறும் பாம்பாகத் தெரியும் என்பார்கள். எனக்குப் பாம்பே கயிறாகத் தெரிந்திருக்கிறது.

மறுபடியும் டெலிபோன் அடித்தது. இந்தத் தடவை கிருஷ்ணகிரி. பேசி முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

"சம்பந்தி, நான்தான் பேசறேன்" என்றார் குமரனின் அப்பா. "பையன் இப்பதான் போன் பண்ணான். பொண்ணு அவன்கிட்ட என்னென்னமோ சொல்லியிருக்குது. ஆட்டிசமாம், டாக்டரே சொன்னாராம். பையன் ஒண்ணும் பேச மாட்டேங்கறான், யோசிக்கணும்ங்கறான். என்னாங்க இது?" நான் வாயைத் திறப்பதற்குள் அவரே குரலைத் தணித்துக்கொண்டார். நல்ல மனுஷர், மஞ்சு. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "கல்யாணம் நெருங்கினா பொண்ணுங்க டென்ஷன்ல எதையாச்சும் உளறும்ங்க. எங்க வீட்லயும் அப்பிடித்தான், தாலி கட்டற அன்னிக்கு வரைக்கும் அழுதுச்சு. நீங்க பெரியவரு. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். எம் பையன்கிட்ட நான் பேசிக்கிறேன். பத்திரிகையை அடிச்சிடலாம்."

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 'ஆபீஸ் டென்ஷன்தாங்க சம்பந்தி, வேற ஒண்ணுமில்ல' என்று முழு வாக்கியமாக, சிரிப்போடு சேர்த்து, நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது. சொல்லியிருந்தால் உன் கல்யாணம் நின்றிருக்காது. நீ சொன்னது பொய்யாகியிருக்கும், அவ்வளவுதான். உன் அம்மா கொட்டை பிதுக்குவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. டெலிபோனில் மட்டும் ஏதோ ஒரு ரீங்காரம், லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டைக்காரப் பையன் ஆட்டோவுக்குள் தலையை நீட்டின அன்றுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

"இல்லீங்க. பொண்ணு சொன்னது அத்தனையும் நிஜம்" என்றேன்.

அப்புறம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் தாறுமாறாகச் சொன்னேன். "அன்னிக்கு நீங்க பார்த்தது நான் தயார் பண்ணின பொண்ணுங்க. எம் பொண்ணு கலகலன்னு பேசாது. கூட்டத்துல ரொம்ப நேரம் நிக்காது. ஆனா பொய் சொல்லாது, சொன்ன சொல்லு மாறாது. சின்ன வயசுலேர்ந்து தெரியாம இருந்தோம், தெரிஞ்சப்புறமும் உங்ககிட்ட மறைச்சது நான். அது சொல்லணும்னுதான் சொல்லிச்சு. கோபப்படறதா இருந்தா என் மேல படுங்க." வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. அவர், "சரிங்க. வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்றார். சம்பந்தி என்கிற வார்த்தை அதில் இல்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவனுக்குத் தெரியும். தெரியாத அர்த்தம் ஏதாவது இருக்கவும் கூடும், குமரன் யோசிக்கட்டும். ரிசீவரை வைத்துவிட்டு உன் அம்மாவைப் பார்த்தேன். "இப்பத்தான் அப்பா மாதிரி பேசினீங்க" என்றாள். மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடியும் அவரையைப் பிதுக்க ஆரம்பித்தாள்.

அப்பாக்கள் எழுதுகிற கடிதம் என்றால் புத்திமதி இல்லாமல் முடியக் கூடாது. உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, யாருக்காகவும் பின்னலை முன்னால் இழுக்காதே. எனக்காக இழுக்கவே இழுக்காதே. எனக்குப் பிறகு உனக்கு யார் என்ற பயம் போய்விட்டதாகச் சொன்னால் அது பொய், உன்னிடம் எதற்குப் பொய்? பயம் அப்படியேதான் இருக்கிறது, என்னோடு இருக்கட்டும். மலரில் போடுவதானால் மற்ற அப்பா அம்மாக்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் பெண் ஊர் மெச்சுகிற மாதிரி நடந்துகொள்கிறாள் என்றால் சந்தோஷப்படுங்கள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு என்ன செய்கிறாள் என்றும் பாருங்கள். கத்துகிறது என்று அவள் சொன்னால், உங்களுக்குக் கேட்கவில்லை என்பதற்காக மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

நீ இப்போது எந்த மரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாயோ தெரியவில்லை. வீட்டுக்கு வரும்போது அப்பா என்ன கேட்பார், என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வருவாய், நான் பழக்கிய பழக்கம். நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. உம்மென்று வா, அழுதுகொண்டு வா, நேராகப் பாத்ரூமுக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

இன்னொன்று. டெலிபோனை வைத்த பிறகும் அந்த ரீங்காரம் நிற்கவில்லை. லைனில் வரவில்லையே, வேறு எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். நாற்காலியை விட்டு எழுந்து நடு அறைக்குப் போய்த் தலையை நிமிர்த்தி டியூப் லைட்டைப் பார்த்தேன். நிஜமாகவே கத்துகிறது, மஞ்சு. அணைத்துவிட்டேன். உன் அம்மா இருட்டிலேயே அவரை பிதுக்கிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா